வெயில் ஊரில் குட்டிக் குல்லா: கேட்டு, அளந்து, பின்னிக் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெயில் சதமடிக்கும் ஊர்களின் பட்டியலில் வேலூர் தவறாமல் வரும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து குல்லா பின்னுகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் பிறந்த குழந்தைக்கு வெளியில் கொளுத்தும் வெயிலைப் பற்றிக் கவலையில்லை. தாயின் வயிற்றுக்குள் 37 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் இருந்துவிட்டு, ஈர உடம்போடு ஏசி ஓடும் அறைக்கு வருகிறது. உடம்பை ஒப்பிட்டால் தலை பெரிது, முடி குறைவு. தலை வழியாகச் சூடு வேகமாக இறங்கிவிடும். உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதைக் குளிர் தாக்குதல் என்றே கணக்கில் எடுப்பார்கள். 37 வாரம் நிறையும் முன்பே பிறந்த குழந்தைக்கும், இரண்டரை கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் தோலுக்கடியில் கொழுப்பு போதாது. அவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

1978ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் திணறியபோது எட்கர் ரே என்ற மருத்துவர் ஒரு வழியைத் தொடங்கினார். குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தொடும்படி அணைத்து வைப்பது. கங்காரு பராமரிப்பு என்று இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் குழந்தையின் உடம்பில் இருப்பது ஒரு நாப்கின், ஒரு குல்லா, சில இடங்களில் காலுறை. அவ்வளவுதான். அந்தக் குல்லாவைத்தான் நாம் பின்னப் போகிறோம்.

நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் தெரிந்திருந்தால் போதும். தெரியாதவர்கள் கைக்குட்டை அளவில் ஒரு சதுரத்தைப் பின்னிப் பிரித்து, பின்னிப் பிரித்துக் கை பழகிவிட்டு இங்கே வாருங்கள்.

ஊசியைத் தொடும் முன் ஒரு நடை

தானமாகப் பின்னும் பலர் இந்த வேலையைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஒரு பை நிறையக் குல்லா பின்னி எடுத்துக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் நிற்பார்கள். வாங்கிக்கொள்ள அங்கே வழி இருக்காது. அப்புறம் மனத்தாங்கல். அது மருத்துவமனையின் தவறு இல்லை. வெளித் துணி உள்ளே வருவது நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட விஷயம். அவர்களுக்கென்று விதிகள் இருக்கும்.

வேலூரில் கேட்பதற்கு இடம் நிறைய உண்டு. 1900ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி இன்று நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான சிஎம்சி, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாலுகா மருத்துவமனைகள், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள். பெரிய இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பிரசவம் பார்க்கும் இடத்திலேயே தொடங்குங்கள். காலையில் போகாதீர்கள், ரவுண்ட்ஸ் நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய், குழந்தைகள் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டரைப் பார்க்க அனுமதி வாங்கிப் பேசுங்கள்.

"வெளியிலிருந்து குல்லா வாங்குவீர்களா சிஸ்டர்?" என்பது முதல் கேள்வி. வாங்குவோம் என்றால் எந்த அளவு அதிகம் தேவைப்படுகிறது, எப்படித் துவைப்பார்கள், குழந்தையோடு வீட்டுக்குப் போகுமா அல்லது வார்டிலேயே சுற்றி வருமா, நிறத்தில் ஏதும் நிபந்தனை உண்டா என்று கேளுங்கள். துவைக்கும் விதத்தைக் கேட்பது மிக முக்கியம். நூலை முடிவு செய்வதே அதுதான். வார்டிலேயே சுற்றும் துணி கொதிநீரையும், சில இடங்களில் 121 டிகிரி நீராவியையும் பார்க்கும்.

வேண்டாம் என்று சொன்னால் வேறு என்ன தேவை என்று கேட்டுப் பாருங்கள். மெல்லிய பருத்தித் துணி என்பார்கள், நாப்கின் என்பார்கள். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்னும் ஆசையை வேறு பக்கம் திருப்பலாம். அந்த வேறு பக்கத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நூல்

லாங்கு பஜார் பக்கம் தையல் சாமான் கடையில் போய் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெட்ரோலியத்திலிருந்து வருவது. விலை குறைவு, நிறம் அழகு, கையில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் வார்டுத் துவையலுக்கு அது ஆகாது. நீராவிச் சூட்டில் தொய்ந்து உருவம் இழந்துவிடும். வியர்வையையும் உறிஞ்சாது. ஒவ்வொரு துவையலிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடும் என்பது இன்னொரு கணக்கு. அசல் கம்பளியோ வெந்நீரில் சுருங்கிக் கட்டியாகும், சில குழந்தைகளின் தோலை அரிக்கவும் செய்யும்.

ஆகவே பருத்தி. எட்டு இழை அல்லது டி.கே. என்று லேபிளில் போட்டிருக்கும் நடுத்தரத் தடிமன், முறுக்கு அதிகமில்லாத மென்மையான நூல். ஒரு குல்லாவுக்கு 25 முதல் 30 கிராம் ஆகும். 100 கிராம் உருண்டையில் மூன்று குல்லா வரும். உள்ளூர்க் கடையில் பருத்திப் பின்னல் நூல் எப்போதும் இருக்காது. கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் வரவழைத்துக் கொடுப்பார், இல்லாவிட்டால் இணையத்தில் வாங்கலாம்.

குடியாத்தம் பக்கம் லுங்கித் தறிகளில் மிஞ்சும் நூலைப் பயன்படுத்தலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வீணாகும் பொருளைக் காப்பாற்றும் எண்ணம் நல்லதுதான். ஆனால் அது மிக மெல்லிய நூல், பல இழைகளைச் சேர்த்துப் பிடித்தால்தான் நம் தடிமன் வரும். சாயம் என்னவென்றும் நமக்குத் தெரியாது. பாத்திரம் பிடிக்கும் துணி, பை, கால்மிதி பின்ன அதை வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தையின் தலைக்கு வேண்டாம்.

நிறத்தைப் பற்றிச் சொன்னால், சாயமேற்றாத பழுப்பு வெள்ளைதான் என் முதல் தேர்வு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதும், அந்த வழக்கு 1996ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயம் இல்லாமல் முடியும் இடத்தில் இல்லாமலேயே முடிக்கலாமே. நிறம் வேண்டுமென்றால் வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை. ஈரமான வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துளி நிறம் ஒட்டினாலும் ஒதுக்கிவிடுங்கள். கறுப்பு வேண்டவே வேண்டாம், பல வீடுகளில் பிறந்த குழந்தைக்கு அதைப் போட மாட்டார்கள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ் என்ற பிரிவினையை நம் ஊசியிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

ஊசியும் மாதிரிச் சதுரமும்

இரண்டு ஜோடி நேர் ஊசிகள் வேண்டும்: விளிம்புக்கு 3.25 மில்லிமீட்டர், அதாவது 10ஆம் நம்பர். உடம்புக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 8ஆம் நம்பர். கத்திரி வெயிலில் கை வியர்க்கும்போது அலுமினிய ஊசியில் நூல் பிசுபிசுவென்று ஒட்டும். மூங்கில் ஊசி கொஞ்சம் தேவலை. இதோடு முனை மழுங்கிய கம்பளி ஊசி ஒன்று, இஞ்சி டேப், கத்தரிக்கோல்.

4 மி.மீ. ஊசியில் 30 கண்ணி, அதாவது 30 நூல் வளையம், ஏற்றி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று சதுரமாக வரும்வரை பின்னுங்கள். அதை வெந்நீரில் துவைத்துக் காயவைத்த பிறகு அளக்க வேண்டும். பருத்தி முதல் துவையலில் சுருங்கும், துவைக்காமல் எடுத்த அளவு பொய் சொல்லும். நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் 22 கண்ணியும், உயரத்தில் சுமார் 30 வரிசையும் இருந்தால் சரி. 24 கண்ணி இருந்தால் உங்கள் கை இறுக்கம், ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள். 20தான் இருந்தால் சிறிதாக்குங்கள். இதைத் தவிர்த்தால் குழந்தைக் குல்லா என்று தொடங்கியது பொம்மைக் குல்லாவாகவோ தாத்தா குல்லாவாகவோ முடியும்.

பின்னும் முறை

நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 35 செ.மீ. இருக்கும். குல்லா அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். மூன்று அளவுகளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். நிறைமாதத்துக்கு 72 கண்ணி. 30, 31 செ.மீ. தலைக்கு 64. குறைமாதக் குழந்தைக்கு, 27 செ.மீ. அளவில், 56. மூன்றுமே எட்டாலும் நாலாலும் வகுபடும் எண்கள், காரணம் போகப் போகப் புரியும். 72 கண்ணிக்கான முறையைச் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் எங்கே மாறும் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

பெரிய ஊசியில், அதாவது 4 மி.மீ. ஊசியில், தளர்வாக 72 கண்ணி ஏற்றுங்கள். இங்கே இறுக்கினால் குழந்தையின் நெற்றியில் கோடு விழும். அப்புறம் 3.25 ஊசிக்கு மாறி, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று வரிசை முடியும்வரை போங்கள். நாலின் மடங்கு என்பதால் எல்லா வரிசையும் இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு பர்லில் முடியும், யோசிக்க வேண்டியதில்லை. இப்படி எட்டு வரிசை. இதுதான் காதோடு பிடித்து நிற்கும் பட்டை.

மறுபடி 4 மி.மீ. ஊசி. முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல். தொடக்க விளிம்பிலிருந்து மொத்தம் 9 செ.மீ. வரும்வரை. கடைசி வரிசை பர்லாக இருக்கட்டும்.

இனி உச்சியைக் குறுக்க வேண்டும். முன்பக்கத்தில் ஏழு நிட், அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரே நிட். இதையே எட்டு தடவை செய்தால் வரிசை முடிவில் 64 கண்ணி மிஞ்சும். பின்பக்கம் முழுக்க பர்ல். அடுத்த முன்பக்கம் ஆறு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று: 56. பர்ல். அடுத்து ஐந்து நிட், இரண்டைச் சேர்த்து: 48. இப்படி ஒவ்வொரு முன்பக்க வரிசையிலும் நடுவிலுள்ள நிட் ஒன்று ஒன்றாகக் குறையும், கண்ணி எட்டு எட்டாகக் குறையும்: 40, 32, 24, 16. கடைசியில் எல்லாமே இரண்டிரண்டாகச் சேர்த்தால் 8. ஒவ்வொரு குறைப்பு வரிசைக்குப் பிறகும் எண்ணிப் பாருங்கள். எட்டின் மடங்கு இல்லையென்றால் அந்த வரிசையிலேயே எங்கோ தப்பு, உடனே பிரித்துவிடலாம்.

64 கண்ணிக் குல்லாவில் 8 செ.மீ. ஆனதும் ஆறு நிட்டோடு குறைக்கத் தொடங்க வேண்டும். 56க்கு ஏழரை செ.மீ., ஐந்து நிட். மற்றதெல்லாம் ஒன்றே.

நூலை நாற்பது செ.மீ. விட்டு வெட்டி, கம்பளி ஊசியில் கோத்து, மிஞ்சிய எட்டுக் கண்ணிக்குள்ளும் செலுத்தி இறுக்குங்கள். உச்சிக்குழி மென்மையான இடம், அதன்மேல் முடிச்சு உருண்டு நிற்கக் கூடாது. இரண்டாவது தடவையும் அதே கண்ணிகளுக்குள் சுற்றி வந்தால் முடிச்சே தேவைப்படாது. அதே நூலால் பக்கவாட்டை விளிம்புக்கு விளிம்பு தட்டையாகத் தைத்து, தொங்கும் நுனிகளைக் குறைந்தது ஐந்து செ.மீ. துணிக்குள் ஓட்டி வெட்டுங்கள். உள்ளே ஒரு நூல் தனியாக வளையமாக நின்றால்கூட, குட்டி விரல் மாட்டி ரத்த ஓட்டம் நின்றுபோகும். இந்தக் காரணத்துக்காகவே கையுறை பின்னாதீர்கள் என்பேன்.

பொம்பொம், பொத்தான், ரிப்பன், தாடைக்குக் கீழே கட்டும் கயிறு எதுவும் கூடாது. ஓட்டை ஓட்டையாக வரும் அலங்காரப் பின்னலும் வேண்டாம். படம் எடுக்க அழகாக இருக்கும், ஆனால் சூடு அந்த ஓட்டை வழியாகவே போய்விடும்.

துவைப்பது

நம் பாட்டிமார்கள் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போட விட மாட்டார்கள். பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். கண் திருஷ்டி என்று காரணம் சொன்னாலும், பல தடவை துவைத்த துணியில் கஞ்சியும் ரசாயனமும் இருக்காது என்பது அதில் பொதிந்துள்ள அறிவு. நாமும் குல்லாவை மூன்று தடவையாவது துவைப்போம்.

வாசனையில்லாத மிதமான சோப்பு. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். வேலூரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் அலசினால் பருத்தி விறைத்துச் சொரசொரவென்று ஆகிவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளுக்குத் துவையலை ஒத்திப்போடுங்கள், கடைசி அலசலாவது அதில் இருக்கட்டும். காயவைக்க ஒரு யோசனை: உரித்த தேங்காயை டேப்பால் அளந்து பாருங்கள். 32, 34 செ.மீ. சுற்றளவுள்ள தேங்காய் எளிதாகக் கிடைக்கும். நாரைச் சுத்தமாகத் தட்டி, மெல்லிய துணி சுற்றி, அதன்மேல் ஈரக் குல்லாவை மாட்டி நிழலில் வையுங்கள். காய்ந்ததும் உருண்டையாக நிற்கும். பொருந்துகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சேர்த்து வைக்கும்போது ஒரு பெரிய எச்சரிக்கை. ஸ்வெட்டர் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையை இந்தக் குல்லாக்களின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மஞ்சள் காமாலை முற்றி மூளை வரை பாதிக்கக்கூடும். அந்தக் குறைபாடு எந்தக் குழந்தைக்கு உண்டு என்று பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டியில் ஏற்கெனவே பாச்சை உருண்டை வாசம் ஏறிய நூலையும் பயன்படுத்த வேண்டாம். நன்றாகக் காயவைத்து, மூடும் கவரில் அளவு எழுதி வைத்தால் பூச்சி வராது, பருத்தியை அந்துப்பூச்சி அவ்வளவாகச் சீண்டுவதும் இல்லை.

கொடுக்கும்போது அளவு வாரியாகப் பிரித்துக் கொடுங்கள். யார் தலையில் எப்போது போட வேண்டும் என்பது சிஸ்டர்களின் முடிவு. வீட்டுக்குப் போன நிறைமாதக் குழந்தைக்கு, மே மாதத்தில், தூங்கும்போது குல்லா மாட்டி வைப்பது நல்லதல்ல, உடம்பு சூடேறிவிடும். தாய்மார்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் இதை அவசியம் சொல்லுங்கள். குல்லா போட்ட குழந்தையைப் போட்டோ எடுத்துப் பதிவு போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தத் தாயிடம் 'எடுக்கலாமா' என்று கேட்டால் மறுக்க முடியாத நிலையில்தான் அவர் இருப்பார்.

கூட்டாகப் பின்னினால்

தனியாகப் பின்னுவது அலுக்கும். நாலு பேர் சேர்ந்தால் பேச்சும் நடக்கும், வேலையும் நடக்கும். சிஎம்சியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும் பெண்களில் பலர் அருமையாகப் பின்னுவார்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன, ஊசியைக் காட்டினால் போதும். காட்பாடி ஸ்டேஷன் பெஞ்சில் பின்னிக்கொண்டிருந்தால் யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இது எந்த டிசைன்?" என்று ஜாடையில் கேட்பார்கள். காலுறையில் குதிகால் திருப்புவதை எனக்குக் கற்றுத் தந்தது அப்படிப்பட்ட ஒரு அக்காதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. 'சமூக சேவை' என்று சொல்லி, பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களிடம் இலவசமாகப் பின்னித் தரக் கேட்காதீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணி வாழ்பவர்களின் ஒரு மாலை நேரம் உங்களுடையதைப் போன்றது அல்ல. அவர்கள் கை சேர வேண்டும் என்றால் நூலை நீங்கள் வாங்கி, அந்த மாலையில் பீடியில் என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் குல்லாவுக்குக் கொடுங்கள். இலவச உழைப்பு வசதி உள்ளவர்களிடமிருந்து வரட்டும்.

மருத்துவமனை வேண்டாம் என்றால், மலை

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. 1989க்கு முன் இதெல்லாம் ஒரே வட ஆர்க்காடு. கீழே நாம் மின்விசிறியைக் குறைக்க யோசிக்கும் மார்கழியில், மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பிள்ளைகள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வார்கள். அங்கே அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. இங்கேயும் முதலில் தலைமை ஆசிரியரிடம் கேட்பதுதான் வேலை. எத்தனை பிள்ளைகள், எந்த வயது, குல்லா வேண்டுமா, மப்ளர் வேண்டுமா? ஸ்வெட்டரைவிடக் குல்லா சீக்கிரம் முடியும், வளர்ந்தாலும் சீக்கிரம் சிறுத்துப் போகாது. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேரை விட்டுவிடுவது மட்டும் கூடாது. முழு வகுப்புக்கு முடியாதென்றால் சின்ன வகுப்பாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 104 கண்ணி ஏற்றுங்கள். பட்டை பன்னிரண்டு வரிசை, மொத்தம் 14 செ.மீ. ஆனதும் பதினொரு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று என்று குறையுங்கள். 50 செ.மீ. தலைக்குச் சரியாக இருக்கும். நூல் விஷயத்தில் இங்கே நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. பருத்தி நனைந்தால் கனத்துப்போய் மலைப் பனியில் காயவே காயாது. அக்ரிலிக் சட்டென்று காயும், ஆனால் நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குளிர் காயும் பிள்ளைகளுக்கு அது பயம். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, ஈரத்திலும் சூடு தரும், விலைதான் கூடுதல். வீட்டில் யாரும் போடாத பழைய கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் தையலைப் பிரித்து, நூலை உருவி, நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் சுருள் நிமிர்ந்துவிடும். பெரியவர் ஸ்வெட்டர் ஒன்றில் நாலைந்து குல்லா தேறும்.

ஆடியில் தொடங்கினால்தான் ஐப்பசிக்குள் முடியும். அடைமழைக்கு முன்பே போளூர் வழியாக மேலே ஏற்றிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் மலைச் சாலை எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. போகும் முந்தைய நாள் பள்ளிக்குப் போன் செய்து, விடுமுறை இல்லை என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.